உளவியலார் ஐவரும் ஆயரின் செவியும்

உளவியல் என்பது திருச்சபைக்குப் புறம்பே பிறந்து வளர்ந்த துறை; ஆகையால் அதனை ஐயத்தோடுதான் நோக்கவேண்டும் என்று எண்ணுவோர் நம்மிடையே இன்றும் உளர். இதற்கு நேர்மாறாக, உளவியல் நூல் ஒன்றைப் படித்த மாத்திரத்தில், காண்போரையெல்லாம் தாழ்வு மனப்பான்மை உடையவர் என்றும் அடக்கப்பட்ட உணர்ச்சிகள் உடையவர் என்றும் வகைப்படுத்தத் தொடங்கும் இளம் ஊழியரும் உளர். இவ்விரு சாராரும் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று உளவியலின் வரலாற்றில் இருக்கிறது. 1879ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியலுக்கென ஆய்வுக்கூடம் நிறுவிய வில்ஹெல்ம் வுண்ட், லுத்தரன் போதகர் ஒருவரின் மகன். நாய்களின் உமிழ்நீர்ச் சுரப்பை ஆராய்ந்து, பழக்கத்தால் விளையும் மறுவினைகளை விளக்கிய இவான் பாவ்லோவ், ருஷ்ய வைதிகத் திருச்சபைக் குருவானவர் ஒருவரின் மகன். தாமும் குருத்துவப் பள்ளியில் பயின்றவர். கார்ல் யுங், சுவிட்சர்லாந்துச் சீர்திருத்தச் சபைப் போதகரின் மகன். கார்ல் ராஜர்ஸ், நியூயார்க்கு நகரின் யூனியன் இறையியல் கல்லூரியில் ஈராண்டுகள் பயின்றபின் அதைவிட்டு வெளியேறியவர்.

ஆகவே, உளவியலார் எல்லாரும் நம் வாசலை அறியாத அயலார் அல்லர். பலர் நம் குருமனைத் திண்ணையிலிருந்து இறங்கிச் சென்றவர்கள். அவர்கள் எதைத் தேடிச் சென்றனர், எதைக் கற்றனர் என்று கேட்பது நமக்குப் பயனுடையதாகும். வில்லியம் ஜேம்ஸ், சிக்மண்ட் ஃபிராய்ட், கார்ல் யுங், அன்டன் பாய்சன், கார்ல் ராஜர்ஸ் ஆகிய ஐவரை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்வோம். இவர்களுள் பாய்சன் முதற்கண் ஓர் ஆயர். எனினும் சமய உளவியலில் அவருக்குத் தனியிடம் உண்டு. இவர்களுடைய கோட்பாடுகள் அனைத்தையும் விளக்குவது நம் நோக்கமன்று. அதற்குப் பாடநூல்கள் உள்ளன. ஒவ்வொருவரும் தமது முதன்மையான பாடத்தை யாரிடம் கற்றார் என்பதை மட்டுமே காண்போம். அவ்வாறு காணும்போது, ஐவருக்கும் ஆசிரியராக அமைந்தவர் துன்புற்ற மனிதரே என்பது புலனாகும்.

1. வில்லியம் ஜேம்ஸ் (1842-1910)

அமெரிக்க நாட்டின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஜேம்ஸ், 1890இல் வெளியிட்ட 'உளவியலின் தத்துவங்கள்' என்னும் பெருநூலால் புகழ்பெற்றவர். எனினும் இறையியல் மாணவருக்கு இன்றியமையாத நூல், அவர் 1901, 1902ஆம் ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஆற்றிய கிஃபோர்டு சொற்பொழிவுகளின் தொகுப்பாகும். 'சமய அனுபவத்தின் பல வகைகள்' என்னும் பெயரில் அது 1902இல் வெளிவந்தது.

அந்நூலில் ஜேம்ஸ் சமயத்தைக் கோட்பாடுகளிலும் நிறுவனங்களிலும் தேடாமல், தனி மனிதர் தம் அனுபவத்தைக் குறித்து எழுதிவைத்த வாக்குமூலங்களில் தேடினார். மனந்திரும்புதல், செபம், தூயவரின் வாழ்வு, மறைஞான அனுபவம் ஆகியவற்றை அவ்வனுபவம் பெற்றோரின் சொற்களாலேயே பேசவைத்தார். ஓர் அனுபவத்தின் வேர் நரம்புத் தளர்ச்சியில் இருக்கலாம் என்பதனால் அதன் மதிப்பு குறைந்துவிடாது. அது வாழ்க்கையில் விளைவிக்கும் கனிகளைக் கொண்டே அதனை மதிப்பிடவேண்டும் என்பது அவரது அளவுகோல். இயல்பிலேயே நலமுற்ற மனத்தினர் என்றும், உலகின் தீமையையும் தம் உள்ளத்தின் பிளவையும் உணர்ந்து நோயுற்ற ஆன்மாவினர் என்றும் அவர் மக்களை இரு வகையாகக் கண்டார்.

இந்நோயுற்ற ஆன்மாவைக் குறித்த பகுதியில், காரணமின்றித் திடீரெனப் பேரச்சத்தால் தாக்குண்ட ஒரு பிரெஞ்சுக்காரரின் வாக்குமூலம் வருகிறது. மனநோய் விடுதியில் தாம் கண்ட ஓர் இளைஞனின் உருவம் தம் மனக்கண்முன் தோன்றியதாகவும், தாமும் அவனைப்போல் ஆகக்கூடும் என்ற எண்ணம் தம்மை நடுங்கச் செய்ததாகவும், திருமறை வசனங்களைப் பற்றிக்கொண்டிராவிடில் அறிவு பேதலித்திருக்கும் என்றும் அம்மனிதர் கூறுகிறார். அந்தப் பிரெஞ்சுக்காரர் வேறு யாருமல்லர், ஜேம்ஸ் தாமே என்பதைப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். மேடையில் நின்று பிறருடைய துன்பத்தை ஆராய்ந்த பேராசிரியர், தம் துன்பத்தையும் வேறொரு பெயரால் அவற்றின் நடுவே வைத்திருந்தார். பிறர் சொல்வதை எள்ளாமல் கேட்கும் பொறுமை அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை இதனால் ஓரளவு உணரலாம்.

2. சிக்மண்ட் ஃபிராய்ட் (1856-1939)

ஃபிராய்டின் பெயரைக் கேட்டவுடன் நம்மவர் பலர் முகஞ்சுளிப்பர். சமயம் மனிதனுடைய குழந்தைப்பருவ ஏக்கத்திலிருந்து எழும் மாயை என்று 1927இல் 'ஒரு மாயையின் எதிர்காலம்' என்னும் நூலில் எழுதியவர் அவர். அவருடைய கோட்பாடுகள் பலவற்றிற்குப் பிற்கால ஆய்வுகள் ஆதரவு தரவில்லை என்பதும் உண்மை. ஆயினும், நாம் அறியாத ஆழங்கள் நம் மனத்தில் உண்டு, நம் செயல்களுக்கு நாம் கூறும் காரணங்கள் எப்போதும் உண்மையான காரணங்கள் அல்ல என்பதை இவ்வளவு வலிமையாக எடுத்துரைத்தவர் அக்காலத்தில் வேறிலர். மனிதரின் இருதயத்தைக் குறித்த எரேமியாவின் புலம்பலை அறிந்தவர்களுக்கு இது முற்றிலும் புதிய செய்தியாகாது.

ஃபிராய்டும் யோசேப்பு பிராயரும் இணைந்து 1895இல் ஹிஸ்டீரியா நோயைக் குறித்த ஆய்வுநூலை வெளியிட்டனர். அதில் பிராயரின் நோயாளியான ஒரு பெண், தன் துன்பங்களைப் பேசித் தீர்க்கும்போது தனக்குக் கிடைத்த ஆறுதலுக்குத் தானே பெயர் சூட்டினார்: பேச்சால் வரும் குணம் என்பது அதன் பொருள். அவர் அச்சிகிச்சையால் முற்றும் குணமடைந்துவிடவில்லை என்பதையும், அதன்பின் மருத்துவ விடுதியில் சேர்க்கப்பட்டார் என்பதையும் பிற்கால ஆய்வாளர் வெளிப்படுத்தியுள்ளனர். ஆயினும் அவர் சூட்டிய பெயர் நிலைத்தது. அதே நூலில் ஃபிராய்ட் தாம் சிகிச்சை அளித்த ஒரு கைம்பெண்ணைக் குறித்து எழுதுகிறார். மருத்துவர் இடையிடையே, இது எங்கிருந்து வந்தது, அது எதனால் உண்டாயிற்று என்று வினவிக்கொண்டே இருந்தார். அப்பெண்மணி சலிப்புற்று, கேள்வி கேட்பதை நிறுத்தித் தாம் சொல்லவேண்டியதைச் சொல்லவிடும்படி கேட்டுக்கொண்டார். ஃபிராய்ட் அதற்கு இணங்கினார். மருத்துவர் அடக்கமாக இருந்து, நோயாளியை மனம்போனபடி பேசவிடும் முறை பின்னாளில் உளப்பகுப்பாய்வின் அடிப்படையாயிற்று. அதனை அவருக்குக் கற்பித்தவர்களுள் இக்கைம்பெண்ணும் ஒருவர் எனலாம்.

ஃபிராய்டுக்குச் சூரிச் நகரப் போதகர் ஆஸ்கர் ஃபிஸ்டர் நெருங்கிய நண்பராயிருந்தார். 1909இல் தொடங்கிய அந்நட்பு ஃபிராய்டின் முதுமைவரை நீடித்தது. 'ஒரு மாயையின் எதிர்காலம்' நூலுக்கு மறுப்பாக 1928இல் 'ஓர் எதிர்காலத்தின் மாயை' என்னும் கட்டுரையை ஃபிஸ்டர் எழுதினார். ஃபிராய்டின் ஆசிரியப் பொறுப்பிலிருந்த இதழிலேயே அது வெளியாயிற்று. நட்பு முறியவில்லை. அவ்வாண்டு ஃபிஸ்டருக்கு எழுதிய மடல் ஒன்றில் ஃபிராய்ட், உளப்பகுப்பாய்வை இன்னும் தோன்றாத ஒரு புதிய தொழிலினரிடம் ஒப்படைக்க விரும்புவதாகக் கூறுகிறார். அவர்கள் மருத்துவராயிருக்கத் தேவையில்லை, குருமாராயிருக்கலாகாது. உலகியல் சார்ந்த ஆத்தும மேய்ப்பராயிருக்கவேண்டும் என்பது அவர் கருத்து. மேய்ப்புப் பணியை மேய்ப்பரிடமிருந்து எடுத்துப் பிறரிடம் கொடுக்க ஒருவர் எண்ணினார் எனில், நாம் அவரைக் கடிந்துகொள்வதற்குமுன் நம்மையும் சோதித்தறிதல் நலம்.

3. கார்ல் யுங் (1875-1961)

யுங்கின் மரணத்திற்குப்பின் முழு நூலாக வெளிவந்த அவருடைய தன்வரலாற்றில், குருமனையில் வளர்ந்த ஒரு சிறுவனின் ஏமாற்றம் பதிவாகியுள்ளது. திடப்படுத்தல் வகுப்பைத் தந்தையாரே நடத்தினார். திரியேகத்துவத்தைப் பற்றிய பாடம் எப்போது வரும் என்று சிறுவன் ஆவலோடு காத்திருந்தான். அப்பாடம் வந்தபோது, தமக்கே அது விளங்கவில்லை என்று கூறித் தந்தையார் அதனைக் கடந்து சென்றார். அவருடைய நேர்மையை மகன் மதித்தான்; ஆயினும் அவன் உள்ளம் வெறுமையுற்றது. பிற்காலத்தில் மகன் ஐயங்களோடு அணுகியபோதெல்லாம், சிந்திப்பதைவிட நம்புவதே வேண்டும் என்னும் விடையே கிடைத்தது. தந்தையார் தம் ஐயங்களை ஒருவரிடமும் கூறாமல் தமக்குள்ளே சுமந்து, 1896இல் காலமானார். சபையார் அனைவரின் துன்பங்களையும் கேட்கவேண்டியவருக்குத் தம் துன்பத்தைச் சொல்ல ஒரு செவியும் இருக்கவில்லை.

1913ஆம் ஆண்டளவில் ஃபிராய்டைவிட்டுப் பிரிந்த யுங், சமயத்தை மாயையென ஒதுக்காமல், மனித உள்ளத்தின் இயல்பான தேவையெனக் கொண்டார். மனிதகுலம் முழுவதற்கும் பொதுவான நனவிலி மனம் ஒன்று உண்டென்றும், அதன் தொன்மையான படிமங்கள் கனவுகளிலும் புராணங்களிலும் வெளிப்படுகின்றன என்றும் கூறினார். இவற்றை ஆய்வுமுறையில் மெய்ப்பிப்பது அரிது. ஆயினும், 1932ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் அல்சாஸ் பகுதிப் போதகர்களின் மாநாட்டில் அவர் ஆற்றிய உரை இன்றும் நம்மால் படிக்கத்தக்கது. நடுவயதைக் கடந்த தம் நோயாளிகளில், வாழ்க்கையைக் குறித்த சமய நோக்கை இழந்ததே இறுதியில் தம் நோயாயிருந்திராதவர் ஒருவரும் இலர் என்று அவர் அங்குக் கூறினார். அவர்களில் பலர் போதகரிடம் செல்லாமல் மருத்துவரிடம் வந்தது ஏன் என்ற வினாவையும் எழுப்பினார். தம்மைக் குற்றவாளியெனத் தீர்க்கும் ஒருவரிடம் எவரும் உள்ளத்தைத் திறப்பதில்லை. ஏற்றுக்கொள்ளாதவரை எதனையும் மாற்றவியலாது என்பது அவ்வுரையின் சாரம். பசித்தவனுக்கு உணவளிக்கும் நாம், சிறியவரில் மிகச் சிறியவர் நமக்குள்ளேயே இருப்பதைக் கண்டால் என்ன செய்வோம் என்றும் வினவினார்.

4. அன்டன் பாய்சன் (1876-1965)

அமெரிக்க ஆயரான பாய்சன், தமது நாற்பத்து நான்காம் வயதில், 1920ஆம் ஆண்டில், கடும் மனநோய்க்கு ஆளாகி மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். அங்கே உடலுக்குக் காவலிருந்தது. ஆன்மாவின் கலக்கத்தைக் கேட்பாரில்லை. தம் நோயில் சிதைவோடு ஒரு தேடலும் கலந்திருந்தது என்பதை அவர் உணர்ந்தார். நலமடைந்தபின், 1924இல், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் அரசு மனநோய் மருத்துவமனையில் ஆயராகப் பணியேற்றார். அடுத்த ஆண்டுக் கோடைகாலத்தில் இறையியல் மாணவர் சிலரை அங்கே வரவழைத்துப் பயிற்சியைத் தொடங்கினார். இன்று பல நாடுகளில் நடைபெறும் மருத்துவமனைவழி மேய்ப்புப் பயிற்சியின் தொடக்கங்களுள் அது முதன்மையானது.

நூல்களைக் கற்பதுபோலவே, உயிருள்ள மனிதரையும் ஆவணங்களாகக் கொண்டு கவனத்தோடு கற்கவேண்டும் என்பது பாய்சனின் கொள்கை. மூலமொழியில் ஒரு வசனத்தின் பொருளை அறிய நாம் எத்தனை அகராதிகளைப் புரட்டுகிறோம்! ஒரு மனிதர் தம் வாழ்க்கையைக் குறித்துக் கூறும் ஒரு வாக்கியத்தின் பொருளை அறிய அதில் பாதி முயற்சியாவது செய்கிறோமா? பாய்சனின் நோய் பின்னரும் திரும்பி வந்தது. அவர் மீண்டும் மருத்துவமனையில் சேர நேர்ந்தது. ஆயினும் அவர் பணியைக் கைவிடவில்லை. 1936இல் வெளிவந்த 'உள்ளுலகத்தின் ஆய்வு' என்னும் நூல் அவர் பெற்ற அறிவின் பயனாகும்.

5. கார்ல் ராஜர்ஸ் (1902-1987)

கண்டிப்பான புராட்டஸ்டண்ட் குடும்பத்தில் பிறந்த ராஜர்ஸ், ஊழியத்திற்கு ஆயத்தமாக 1924இல் யூனியன் இறையியல் கல்லூரியில் சேர்ந்தார். ஈராண்டுகளுக்குப்பின், ஒரு குறிப்பிட்ட கோட்பாட்டை என்றும் நம்பியாக வேண்டிய தொழிலில் தம்மால் இருக்கவியலாது என்று கருதி, தெருவின் மறுபுறத்திலிருந்த கொலம்பியா ஆசிரியர் கல்லூரிக்குச் சென்றார்.

பின்னர் ராச்செஸ்டர் நகரில் குழந்தைகள் நல நிலையத்தில் பணியாற்றியபோது, அடங்காத சிறுவன் ஒருவனின் தாயை அவர் பல வாரங்கள் சந்தித்தார். தாய் மகனை ஆதியில் வெறுத்ததே சிக்கலின் வேர் என்பது நிலையத்தாரின் முடிவு. அதனை நயமாக உணர்த்த ராஜர்ஸ் எவ்வளவோ முயன்றும் பயனில்லை. இருவரும் முயற்சியைக் கைவிட ஒப்பினர். கைகுலுக்கி விடைபெற்று வாசல்வரை சென்ற அப்பெண்மணி திரும்பி நின்று, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை வழங்குவதுண்டா என்று கேட்டார். உண்டு என்றதும், மீண்டும் அமர்ந்து, தம் மணவாழ்வின் துயரத்தைக் கொட்டத் தொடங்கினார். அதுவரை அவர் மகனைப்பற்றிக் கூறியவற்றிற்கும் இதற்கும் பெரிதும் வேறுபாடிருந்தது. எங்கே வலிக்கிறது என்பதை அறிந்தவர் வலியுடையவரே என்னும் பாடத்தை அந்நாளில் கற்றதாக ராஜர்ஸ் எழுதுகிறார்.

ஆலோசகர் வேடமின்றி உண்மையாயிருத்தல், வந்தவரை நிபந்தனையின்றி ஏற்றல், அவர் உணர்வதை அவரது நிலையில் நின்று உணர்தல் ஆகிய மூன்றும் மனமாற்றத்திற்கு இன்றியமையாதவை என்று 1957இல் அவர் வரையறுத்தார். இம்மூன்றே போதும் என்ற அவரது முடிவை எல்லாரும் ஏற்பதில்லை. எனினும், ஆலோசகருக்கும் வந்தவருக்கும் இடையேயுள்ள உறவின் தன்மை சிகிச்சையின் பயனோடு நெருங்கிய தொடர்புடையது என்பதைப் பிற்கால ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. அவ்வாண்டிலேயே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் யூத ஞானி மார்ட்டின் பூபருடன் அவர் உரையாடினார். உதவி தேடி வந்தவரும் உதவுபவரும் சமநிலையில் இல்லை என்பதைப் பூபர் சுட்டிக்காட்டினார். ஒருவரை இருக்கிறபடி ஏற்பதோடு நில்லாமல், அவர் ஆகவேண்டியவராக ஆவதற்கும் துணைநிற்க வேண்டும் என்றார். ஆயர் இவ்விருவரின் சொல்லையும் சேர்த்தே கற்கவேண்டும்.

நாம் கற்ற பாடம்

இவற்றையெல்லாம் நூல்களில் படித்திருந்தும் நாம் கற்காமலிருந்த காலம் ஒன்று உண்டு. ஊழியத்திற்கு வந்த மூன்றாம் ஆண்டில், மனைவியை இழந்து நாற்பது நாளும் ஆகாத ஒருவர் மாலைப்பொழுதில் குருமனைக்கு வந்தார். ‘ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்’ என்று தொடங்கினார். அவர் சொல்ல வந்தது நமக்குத் தெரியும் என்று எண்ணினோம். உயிர்த்தெழுதலின் நம்பிக்கையைக் குறித்துப் பேசினோம். தகுந்த வேதபகுதியை வாசித்தோம். கைகளைப் பிடித்து செபித்தோம். அவர் நன்றி கூறிச் சென்றார். நல்ல ஊழியம் செய்தோம் என்ற நிறைவோடு அன்றிரவு உறங்கினோம்.

ஏறக்குறைய ஓராண்டு கழித்து, குடியால் உடல்கெட்டு அவர் மருத்துவமனையில் கிடந்த நாளில், அவருடைய தமக்கையார் வாயிலாக உண்மையை அறிந்தோம். மனைவி காய்ச்சலில் விழுவதற்கு முந்தின நாள் அவர் அவளை அடித்திருந்தார். அந்த அடியே அவளைக் கொன்றது என்று தமக்குத்தாமே தீர்ப்பிட்டிருந்தார். அதைச் சொல்லவே அன்று நம்மிடம் வந்தார். நாம் கூறிய ஆறுதல் பொய்யானதன்று. ஆனால் அது வேறொரு காயத்திற்குரிய மருந்து. அவருக்குத் தேவைப்பட்டதோ, தம் கை செய்ததை அறிக்கையிட ஓர் இடமும், மன்னிப்பை அறிவிக்கும் ஒரு குரலும் ஆகும். அவ்விரண்டும் திருச்சபையிடம் இருந்தன. நமது அவசரம் அவற்றை அவருக்குக் கிட்டாமற் செய்தது.

ஆகவே, பொறுமையாகக் கேட்டல் என்பது நற்செய்திக்கு மாற்றாக உளவியலிடம் கடன்வாங்கப்பட்ட ஒன்று என்று அஞ்சவேண்டியதில்லை. யோபுவின் நண்பர் மூவரும் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் அமர்ந்திருந்தவரை குற்றமற்றவராகவே இருந்தனர், வாய்திறந்தபின்னரே இடறினர். கேட்பதற்குமுன் விடைகூறுவது மதியீனம் என்று நீதிமொழிகளின் ஆசிரியரும் எச்சரிக்கிறார். எந்த வார்த்தை எந்தக் காயத்திற்கு என்பதை அறியாமல், நற்செய்தியையும் நாம் தவறாகப் பரிமாறிவிடக்கூடும்.

கேட்பதற்கும் எல்லையுண்டு. கேட்டதை மனைவியிடமும் சபைச் சங்கத்தாரிடமும் கூறும் ஆயர், கேளாதவரினும் கேடு செய்கிறார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், உண்மைக்கு மாறான குரல்களைக் கேட்டல், நீங்காத உறக்கமின்மை ஆகியவற்றைக் காணுமிடத்து, தாமதியாமல் மனநல மருத்துவரிடம் சேர்ப்பிப்பது நம் கடமை. செபம் அதற்குத் துணையாக நிற்கட்டும். மனநோயுற்றவரைச் சங்கிலியால் பிணைப்பதை நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. ஆகையால் செபவீட்டின் பெயராலும் அதனை நாம் அனுமதிக்கலாகாது.

இறையியல் மாணவர்களுக்கு ஒரு பயிற்சியைப் பரிந்துரைத்து முடிக்கிறோம். வாரத்தில் ஒரு வீட்டுச் சந்திப்பையாவது, திரும்பி வந்தவுடன், அவர் சொன்னதும் நாம் சொன்னதுமாக, பெயர் குறிப்பிடாமல் எழுதிப் பாருங்கள். அவர் பேச்சை நாம் எந்தெந்த இடங்களில் முறித்தோம் என்று அடிக்கோடிடுங்கள். அவ்விடங்களில் அவர் என்ன சொல்ல இருந்தார் என்பது அந்தத் தாளில் இராது. அதைக் கேட்பதற்காக மறுபடியும் அவ்வீட்டிற்குச் செல்லுங்கள். எழுதிய தாளைப் பிறர் கண்ணில் படாதபடி கிழித்துவிடுங்கள்.